கேனன் 1100டி-யா, நிக்கான் டி3100-ஆ: கொடை எடுக்கப் போகிற தம்பிக்கு

தம்பி கேட்டிருப்பது இதுதான். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு பழைய கேமரா கடையில் கேனன் 1100டி ஒன்றும் நிக்கான் டி3100 ஒன்றும் இருக்கின்றன. இரண்டோடும் 18-55 எம்எம் ஜூம் லென்ஸ், அதாவது கிட் லென்ஸ், வருகிறது, விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கேமரா வாங்கியது போக இன்னொரு சின்ன லென்ஸ் வாங்குகிற அளவுக்குக் காசு மிஞ்சும். அம்பாசமுத்திரம் பக்கத்தில் சொந்த ஊர். அங்கே சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவைப் படம் எடுக்க வேண்டும், வீட்டில் ஆச்சியை நன்றாக நாலு படம் எடுக்க வேண்டும், லீவு கிடைத்தால் கூந்தன்குளம் போய்ப் பறவைகளையும் எடுக்க வேண்டும். "எதை எடுக்கட்டும் அண்ணாச்சி?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1100டி-யை எடுங்கள், மிஞ்சுகிற காசில் கேனனின் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை வாங்குங்கள். விவரப் பட்டியலை மட்டும் பார்த்தால் டி3100 தான் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் உங்கள் வேலைக்கு 1100டி என்று ஏன் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் வாங்கினால் அடுத்த மாதமே இன்னொருத்தர் "நிக்கான் எடுத்திருக்கலாமே" என்பார், உங்களுக்கும் மனசு கேட்காது. நான் 1100டி-யை ஆறேழு வருஷம் வைத்திருந்தேன். டி3100 என் அக்கா மகனுடையது, இரண்டு கொடை சீசன் முழுக்க அதை வாங்கி வைத்து எடுத்திருக்கிறேன்.

டி3100 வந்தது 2010 ஆகஸ்டில், 1100டி 2011 பிப்ரவரியில். ஆக இரண்டும் ஒரே காலத்துப் பிள்ளைகள். நிக்கானில் 14.2 மெகாபிக்சல், கேனனில் 12.2. கேட்கும்போது பெரிய வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் படத்தின் அகலத்தில் கணக்குப் போட்டால் ஒன்று 4608 புள்ளி, இன்னொன்று 4272 புள்ளி, நூற்றுக்கு எட்டுதான் கூடுதல். ஆல்பத்தில் 12-க்கு 18 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் எது எதில் எடுத்தது என்று உங்களால் சொல்ல முடியாது. மெகாபிக்சலை இங்கேயே விட்டுவிடுவோம்.

வீடியோவும் அப்படித்தான். நிக்கான் 1080பி எடுக்கும், ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம் வரை. கேனன் 720பி தான். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். இன்றைக்கு உங்கள் பையில் இருக்கிற போன் இரண்டையும் விட நன்றாக வீடியோ எடுக்கும். இரண்டு கேமராவிலும் வெளி மைக் மாட்ட வழி கிடையாது, ஆகவே வில்லுப்பாட்டைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் போனை ஒரு ஸ்டாண்டில் வைத்துவிடுங்கள், கேமரா படம் எடுக்கட்டும்.

இப்போது கொடைக்கு வருவோம், உங்கள் கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மதியக் கொடையை எந்தக் கேமராவிலும் எடுத்துவிடலாம், வெயில் இருக்கிறது. சாமக்கொடைதான் பரீட்சை. ராத்திரி பன்னிரண்டு மணி, பந்தலில் நாலைந்து டியூப் லைட், தூரத்தில் சீரியல் செட், அதற்குக் கீழே நையாண்டி மேளம் உச்சத்துக்குப் போகிறபோது சாமியாடி ஆடுகிறார். அவர் ஒரு நொடி நிற்க மாட்டார். 18-55 லென்ஸை 55-க்குத் தள்ளினால் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சின்னதாக இருந்தால் துளை பெரிது, வெளிச்சம் கூட). அந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் வெளிச்ச உணர்வை, 3200-க்கு ஏற்றினாலும் ஷட்டர் நொடியில் 20-இல் ஒரு பங்கு அளவுக்குத்தான் கிடைக்கும். சாமியாடி முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் இழுப்பு இருக்கும். லென்ஸில் நடுக்கத்தைக் குறைக்கிற வசதி இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் கை நடுக்கத்துக்குத்தான், ஆடுகிறவரை அது நிறுத்தாது.

"நிக்கானில் ஐஎஸ்ஓ 12800 வரை போகலாமே" என்றும் கேட்கலாம். போகலாம். சாதாரண அளவு 3200 வரை, அதற்கு மேல் நீட்டித்து 12800. அப்படியே வைத்தாலும் ஷட்டர் நொடியில் 80-இல் ஒரு பங்குதான் ஆகும், படமோ மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஆகிவிடும். கேனனில் உச்சம் 6400, அதுவும் அழகாக இருக்காது. இரண்டிலும் 3200-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் அனுபவம். சென்சாரின் தரத்தில் நிக்கான் ஒரு பிடி முன்னால் நிற்கிறது என்பது உண்மை, நிழலான இடத்தைக் கணினியில் வெளிச்சமாக்கும்போது தெரியும், ஆனால் அந்த ஒரு பிடி சாமக்கொடையில் உங்களைக் காப்பாற்றாது.

காப்பாற்றுவது லென்ஸ். அதே இடம், அதே ஐஎஸ்ஓ 3200, 50 எம்எம் லென்ஸை எஃப் 2.2-இல் வைத்தால் ஷட்டர் நொடியில் 125-இல் ஒரு பங்குக்கு ஏறிவிடும். முழுக்கத் திறந்து 1.8 வைத்தால் கிட் லென்ஸின் 5.6-ஐ விடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. பத்து மடங்கு! எந்தக் கேமரா உடலை மாற்றினாலும் இந்த வித்தியாசம் வராது. மேளம் ஒரு கணம் தாழ்ந்து, சாமி திரும்பி, கண் விரிந்து, நெற்றி மஞ்சணை வியர்வையில் வழிகிறதே, அது கூர்மையாக விழும். அந்தப் படத்தை ஒரு தடவை எடுத்துவிட்டால் அப்புறம் நீங்கள் கிட் லென்ஸை ராத்திரியில் தொடவே மாட்டீர்கள்.

இங்கேதான் இரண்டு கேமராவும் பிரிகின்றன. 1100டி-யில் மாட்டுகிற கேனனின் இஎஃப், இஎஃப்-எஸ் வகை லென்ஸ்களில் ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே 1990-இல் வந்த 50 எம்எம் எஃப் 1.8-இன் இரண்டாம் பதிப்பை, கேமராவில் மாட்டுகிற இடத்தில் பிளாஸ்டிக் வளையம் போட்ட அந்த 130 கிராம் லென்ஸை மாட்டினாலும் 1100டி தானாக ஃபோகஸ் செய்யும். 2015-இல் வந்த எஸ்டிஎம் (புது வகை மோட்டார்) பதிப்பு இன்னும் நல்லது: உலோக வளையம், சத்தம் குறைவு, 35 சென்டிமீட்டர் வரை கிட்டப் போகலாம். பழையது இருட்டில் கொஞ்சம் முன்னும் பின்னும் தேடும், புதியது அவ்வளவு தேடாது. காசு இடம் கொடுத்தால் எஸ்டிஎம், இல்லையென்றால் பழையதே போதும், நான் பழையதில்தான் வருஷக்கணக்கில் எடுத்தேன்.

நிக்கானில் கதை வேறு. டி3100-இன் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. நிக்கானின் பழைய 50 எம்எம் எஃப் 1.8 டி லென்ஸ் பழைய கடைகளில் மலிவாகக் கிடைக்கும், கடைக்காரரும் மாட்டிக் காட்டுவார், படமும் விழும். ஆனால் ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும், வியூஃபைண்டரில் ஒரு பச்சைப் புள்ளி எரிவதைப் பார்த்துக்கொண்டு. ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தால் இது நடக்கும். ஆடுகிற சாமிக்கு நடக்காது. தானாக ஃபோகஸ் ஆக வேண்டுமென்றால் "ஏஎஃப்-எஸ்" என்று அச்சடித்த லென்ஸ் வேண்டும்: 2009-இல் வந்த 35 எம்எம் எஃப் 1.8 ஜி, இல்லாவிட்டால் 2011-இல் வந்த 50 எம்எம் எஃப் 1.8 ஜி. இரண்டும் அருமையான லென்ஸ்கள், அதிலும் அந்த 35-ஐ வீட்டுக்குள் எடுக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் கேனனின் 50-ஐ விட விலை கூட, நம் பக்கத்தில் பழையது கிடைப்பதும் குறைவு.

இன்னொரு கண்ணி இருக்கிறது, இதைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். 2016-இல் நிக்கான் "ஏஎஃப்-பி" என்று ஒரு வகை லென்ஸ் கொண்டுவந்தது, அதிலும் 18-55 உண்டு. அது டி3100-க்கு ஆகாது. மாட்டலாம், அழகாகப் பொருந்தி உட்காரும், ஆனால் ஃபோகஸ் ஆகாது. அதன் ஃபோகஸ் வளையமும் மின்சாரத்தில் ஓடுவது என்பதால் கையால் திருப்பியும் பிரயோஜனமில்லை. பழைய கடையில் உடலும் லென்ஸும் வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்து ஜோடி சேர்ந்திருக்கும், அதனால் லென்ஸின் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படித்துப் பாருங்கள். என் அக்கா மகன் இப்படி ஒன்றை வாங்கி வந்து, கேமராதான் கெட்டுப்போய்விட்டதென்று ஒரு வாரம் தவித்தான்.

சரி, 50 எம்எம் கொடைக்கு நெருக்கமாகிவிடாதா? 1100டி-யின் சின்ன சென்சாரில் அது பழைய ஃபிலிம் கணக்குக்கு 80 எம்எம் மாதிரி வேலை செய்யும். ஆமாம், முழுப் பந்தலும் அதில் அடங்காது. ஆனால் கொடையில் சாமியாடியைச் சுற்றி ஒரு வட்டம் விடுவார்கள், அதற்குள் நாம் போகக் கூடாது, போகவும் விடமாட்டார்கள். வட்டத்தின் விளிம்பில் நின்றபடி முகத்தையும் தோளையும் எடுக்க 80 எம்எம் பார்வைதான் சரி. பந்தலையும் கூட்டத்தையும் எடுக்க 18-55 இருக்கவே இருக்கிறது. அது மதியம் வேலை செய்யட்டும்.

கொடைச் சடங்கில் வேட்டைக்குச் சாமியாடி போகும்போது மட்டும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். உங்கள் ஊரில் பெரியவர்கள் என்ன சொல்கிறார்களோ அதைக் கேளுங்கள்; பின்னாலேயே போய் ஃபிளாஷ் அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே வேதனையாக இருந்தது.

ஃபிளாஷ் என்றதும் ஒன்று. இருட்டில் ஃபோகஸுக்கு உதவ டி3100-இல் முன்பக்கம் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது, அரை அழுத்து அழுத்தியதும் எதிரே நிற்பவர் முகத்தில் அடிக்கும். 1100டி-யில் அந்த விளக்கு இல்லை, அதற்குப் பதில் மேலே இருக்கிற ஃபிளாஷ் நிமிர்ந்திருந்தால் படபடவென்று அடிக்கும். சாமி ஆடுகிற இடத்தில் இரண்டும் வேண்டாம். நிக்கானில் மெனுவில் போய் அணையுங்கள், கேனனில் ஃபிளாஷைத் தூக்காமல் இருந்தால் போதும். இரண்டு கேமராவிலும் நடு ஃபோகஸ் புள்ளி ஒன்றுதான் குறுக்கு நெடுக்காகப் பார்க்கிற வகை. நிக்கானில் 11 புள்ளி, கேனனில் 9 புள்ளி என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், ராத்திரியில் நம்பத் தகுந்தது அந்த நடுப்புள்ளி மட்டும்தான்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொடையில் எங்கே பார்த்தாலும் சிவப்பு: செவ்வரளி மாலை, குங்குமம், சிவப்புப் பட்டு. இந்தச் சிவப்பு இரண்டு கேமராவிலும் சீக்கிரம் பொங்கிவிடும், மாலை ஒரே சிவப்புக் கட்டியாகி இதழே தெரியாது. வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து, அதாவது மைனஸ் ஒன்றில் வைத்து எடுங்கள், கேமரா திருத்தாத மூலக் கோப்பான ரா கோப்பாகவே எடுங்கள். டியூப் லைட்டின் பச்சையையும் வீட்டுக்கு வந்து சரி செய்துகொள்ளலாம். கேனன், நிக்கான் இரண்டுமே இதற்கான மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. கேனன் ரா 14 பிட், நிக்கான் 12 பிட் என்று யாராவது சண்டை போட்டால் ஒதுங்கிவிடுங்கள், நம் வேலையில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. தீபத்தின் வெளிச்சத்தை மட்டும் அளந்து எடுக்க, ஒரு சின்னப் புள்ளியை மட்டும் பார்க்கிற ஸ்பாட் மீட்டரிங் நிக்கானில் உண்டு, கேனனில் இல்லை, நடுவில் பத்து சதவீதத்தைப் பார்க்கிற ஒரு முறை இருக்கிறது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கூந்தன்குளத்துக்கு இரண்டும் சமம். அங்கே ஒரு நல்ல விஷயம், மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி கூட வெடிப்பதில்லை. அதனால் கூட்டையும் குஞ்சையும் எடுக்கப் பெரிய லென்ஸ் தேவையில்லை, கேனனின் 55-250 அல்லது நிக்கானின் 55-200 போதும். குளத்தின் நடுவே நிற்கிற பூநாரைக்கு இவை எட்டாது, அதற்கு வருத்தப்படாதீர்கள், அவற்றைக் கூட்டமாக, தண்ணீரோடும் வானத்தோடும் சேர்த்து எடுங்கள். இரண்டு கேமராவும் நொடிக்கு மூன்று படம்தான், கேனன் ராவில் இரண்டாகிவிடும். பறக்கிற பறவைக்கு மட்டும் கேனனை ஜேபெக்கில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேனனின் உண்மையான குறை தூசி. டி3100 தன் சென்சாரைத் தானே உதறிச் சுத்தம் செய்யும், 1100டி-யில் அந்த வசதி இல்லை. லென்ஸ் மாற்றுகிற ஆளுக்கு இது பெரிய விஷயம், அதுவும் ஆடிக் காற்று அடிக்கிற நம் நாட்டில். ராதாபுரம், பணகுடி பக்கம் போனால் வாயைத் திறந்தாலே மண்தான். வெளியே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். காருக்குள்ளோ ஒரு கடைக்குள்ளோ போய், கேமராவின் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து மாற்றுங்கள். ரப்பர் ஊதி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாயால் ஊதவே கூடாது, எச்சில் ஒட்டினால் அப்புறம் பெரிய வேலை. இன்னொரு குறை, 1100டி-யின் பிடியில் ரப்பர் கிடையாது, வழவழப்பான பிளாஸ்டிக். சித்திரை வெயிலில் கை வியர்த்தால் வழுக்கும், கழுத்துப் பட்டையைக் கழற்றாதீர்கள். நிக்கானில் ரப்பர் உண்டு, இத்தனை வருஷத்தில் அது பிசுபிசுத்து உரிந்திருக்கவும் கூடும்.

பேட்டரியில் கேனன் முன்னால். ஒரு சார்ஜுக்கு 700 படம் என்பது நிறுவனக் கணக்கு, நிக்கானுக்கு 550. கேனனின் அந்த எல்பி-இ10 பேட்டரிதான் பின்னால் வந்த 1200டி, 1300டி, 1500டி எல்லாவற்றிலும், அதனால் மாற்றுப் பேட்டரி தேடி அலைய வேண்டியதில்லை. சாமக்கொடை முடிய விடிந்துவிடும், ஒரு பேட்டரி கூடுதலாக இருப்பது நல்லது.

கடையில் என்ன பார்க்க வேண்டும்? லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி ஏதாவது ஓடினால் அது பூஞ்சை, அந்த லென்ஸ் வேண்டாம். நம் பக்கம், முக்கியமாகக் குற்றாலச் சாரலும் பாபநாசத்து ஈரமும் பட்ட கேமராக்களில் இது நிறைய வரும். அப்புறம் துளையை எஃப் 22-க்குக் குறைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நாலைந்து கறுப்புப் புள்ளி என்றால் தூசி, சுத்தம் செய்துவிடலாம், ஆனால் அதையே சொல்லி விலையைக் குறையுங்கள். கோடோ கீறலோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பது நிக்கானில் எடுத்த படத்தின் விவரத்திலேயே பதிவாகியிருக்கும், கேனனில் கேபிள் போட்டுக் கணினியில் ஒரு மென்பொருள் வழியாகத்தான் பார்க்க வேண்டும். 18-55-இன் முகப்பில் கேனன் என்றால் "ஐஎஸ்", நிக்கான் என்றால் "விஆர்" என்று இருக்கிறதா பாருங்கள். நடுக்கம் குறைக்கிற வசதி இல்லாத 18-55-உம் உண்டு, அதை இதே விலைக்கு வாங்கக் கூடாது.

என் பதில் எப்போது மாறும் என்றால், அந்தக் கடையிலேயே டி3100-க்கு 35 எம்எம் எஃப் 1.8 ஜி நல்ல நிலையில் இருந்து, உங்கள் காசுக்குள் அடங்கினால். அப்படி அமைந்தால் யோசிக்காமல் நிக்கானை எடுங்கள். கொடையில் இன்னும் இரண்டு எட்டு முன்னால் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான், மற்ற எல்லாமே லாபம்.

கொடைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றீர்கள். வாங்கிய அன்று ராத்திரியே வீட்டில் ஒரே ஒரு டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு, 50 எம்எம்மை மாட்டி, எஃப் 2.2, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 125 என்று கையால் வைத்துவிட்டு, ஆச்சி அடுக்களைக்கும் முற்றத்துக்கும் நடக்கிறபோது நடுப்புள்ளியை அவர் கண்ணில் வைத்து எடுத்துப் பாருங்கள். முதல் நாள் பத்துக்கு இரண்டு கூர்மையாக விழும். பத்துக்கு ஆறு விழுகிற வரைக்கும் தினமும் எடுங்கள், ஆச்சி படமும் அதிலேயே கிடைத்துவிடும்.